நெறிமுறையும் தூரமும்

கணினி வலையமைப்புப் பாடத்தில் முதல் வாரமே அறிமுகமாகும் சொல் ‘புரோட்டோகோல்’. தமிழில் கணினி பற்றி எழுதுவோர் அதை ‘நெறிமுறை’ என்கிறார்கள். ஆங்கிலச் சொல் தூதரகங்களின் மரபையும் சடங்கையும் நினைவூட்டும். தமிழ்ச் சொல்லோ அறத்தின் பக்கம் இழுக்கிறது. நாற்பது வயதைக் கடந்தபின், ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் இந்தப் பாடத்தைப் படித்த எனக்கு, அந்தத் தமிழ்ச் சொல்தான் கடைசிவரை துணைக்கு வந்தது. இரண்டு இயந்திரங்கள் தமக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் விதிகளை அறத்தின் பெயரால் அழைப்பது வெறும் மொழிபெயர்ப்பு விபத்தா, அல்லது அதில் ஏதும் பொருள் இருக்கிறதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் இணையத்தின் இயல்பு. நாம் அனுப்பும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து போகிறது. வழியிலுள்ள திசைவிகள் ஒவ்வொரு பொதியையும் அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுகின்றன. ஒரு திசைவியில் கூட்டம் அதிகமானால் அது மேலதிகப் பொதிகளைப் போட்டுவிடும். பெரும்பாலும் அதை யாருக்கும் அறிவிப்பதில்லை. பொதி போய்ச் சேர்ந்ததா என்பதை அனுப்பியவர், மறுமுனையிலிருந்து வரும் ஒப்புகையைக் கொண்டுதான் அறிய வேண்டும். ஒப்புகை வராவிட்டால் கையில் எஞ்சுவது மௌனம் மட்டுமே.

மௌனத்துக்கு என்ன பொருள்? 1986 ஒக்டோபரில் இந்தக் கேள்வி ஒரு வலையமைப்பையே முடக்கியது. கலிபோர்னியாவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்தது 400 யார் தூரம். நடந்தே போய்விடலாம். அந்த இணைப்பில் செக்கனுக்கு 32,000 பிற்றுகளாக இருந்த வேகம் 40 பிற்றுகளுக்கு இறங்கியது. ஒப்புகை வராத ஒவ்வொரு கணினியும், பொதி தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடியும் அனுப்பியது. எல்லோரும் மறுபடியும் அனுப்பியதால் நெரிசல் கூடியது. நெரிசல் கூடியதால் மேலும் பொதிகள் தொலைந்தன. இப்படி நடக்கக்கூடும் என்று ஜோன் நேகிள் 1984இலேயே எழுதியிருந்தார்.

வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கரெல்ஸும் இதற்குக் கண்ட தீர்வு 1988இல் வெளிவந்தது. அதன் உள்ளடக்கத்தைச் சாதாரணத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: பதில் வராவிட்டால், உன் குரலை உயர்த்தாதே; வழியில் கூட்டம் என்று கொள்; நீ அனுப்புவதைக் குறை. எல்லாம் சரியாக நடக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொதி வீதம் மெல்லக் கூட்டு. இழப்பு தெரிந்ததும் பாதியாகக் குறை. ஏறுவது படிப்படியாக, இறங்குவது ஒரேயடியாக. டிசிபி எனும் நெறிமுறையில் இது சேர்ந்தபின் இணையம் மூச்சுவிட்டது.

இதில் என்னை நிறுத்திய விடயம், இந்த அடக்கத்தை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது. ஊரில் குளத்து நீரைப் பங்கிட ஆள் இருப்பார்; இரவில் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்புபவர் விடிந்ததும் பிடிபடுவார். இங்கே காவல் இல்லை. அடக்கம் திசைவியில் இல்லை. அது முனைகளில், நம் சொந்தக் கணினிகளில் இருக்கிறது. அதை மாற்றியமைக்கத் தெரிந்தவர் மாற்றலாம். மாற்றினால் அவருக்கு இலாபம். ஏனென்றால் விட்டுக்கொடுப்பவர் காலியாக்கும் இடத்தை விட்டுக்கொடுக்காதவர் நிரப்பிக்கொள்வார்.

இதை அறம் என்று சொல்லலாமா? வகுப்பில் ஓர் இளைஞர் சிரித்தார்: கைப்பேசிக்கு மனம் இல்லை, அது பணிவாக இருப்பதில் என்ன புண்ணியம்? நியாயமான கேள்வி. நம் கைப்பேசி நாளெல்லாம் நம் சார்பில் முன்பின் அறியாதவர்களுக்கு வழிவிடுகிறது. நமக்கு அது தெரியவும் தெரியாது. ஆனால் வரிசையில் நிற்பதையும், சாப்பாட்டுப் பந்தியில் அடுத்தவருக்கு இருக்கிறதா என்று பார்த்து அள்ளுவதையும் நாம் யோசித்துத் தேர்ந்தெடுத்தோமா? யாரோ ஒருவர் நமக்கு முன்பே தேர்ந்தெடுத்து, அதைப் பழக்கமாக்கி நம் கையில் தந்தார். நல்ல பழக்கத்தை இயல்புநிலையாக வைத்துக் கொடுப்பதும் அறச்செயல்தான். மனம் இயந்திரத்தில் இல்லை. அதை அப்படி எழுதியவர்களிடமும், அப்படியே விட்டுவைக்கிறவர்களிடமும் இருக்கிறது.

இதுவரை கதை இனிமையானது. ஆய்வுகூடப் பயிற்சியில்தான் அதன் மறுபக்கம் தெரிந்தது. ஒரே ஒடுங்கிய இணைப்பை இரண்டு கணினிகள் பங்கிடுவதாகப் பாவனை செய்தோம். இரண்டுக்கும் ஒரே விதி. ஒன்றின் மறுமுனை பக்கத்தில். ஒப்புகை 20 மில்லிசெக்கனில் வந்துவிடும். மற்றதன் மறுமுனை தொலைவில். ஒப்புகை வர 200 மில்லிசெக்கன். ஓடவிட்டோம். அருகிலிருந்தது பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. தொலைவிலிருந்தது மூலையில் ஒதுங்கியது.

காரணம் எளிது. ‘ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொதி கூட்டு’ என்பது விதி. சுற்று என்றால் பொதி போய் ஒப்புகை திரும்பும் நேரம். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு செக்கனில் 50 சுற்று; தொலைவில் இருப்பவருக்கு 5. இருவரும் பாதியாகக் குறைகிறார்கள். ஒருவர் சட்டென்று எழுந்துவிடுகிறார். மற்றவர் எழுந்து முடிப்பதற்குள் அடுத்த இழப்பு வந்துவிடுகிறது. இந்தத் தூரத்தில் ஒரு பகுதி இயற்கையே. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் போகிறது. ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீற்றர். போய்வர 5 மில்லிசெக்கன் போதும். கொழும்புக்குச் சுமார் 14,000 கிலோமீற்றர். எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் போய்வர 140 மில்லிசெக்கன்.

“விதி ஒன்றுதானே, அப்படியானால் நீதிதானே” என்றார் அதே இளைஞர். அவர் பக்கம் வலுவான வாதமும் உண்டு. நெடுந்தூரம் போகும் பொதி பல இணைப்புகளை அடைத்துக்கொள்கிறது. பலருடைய இடத்தைப் பிடிக்கிறவருக்குப் பங்கு சற்றுக் குறைவதே முறை. கேம்பிரிட்ஜின் கணிதவியலாளர் பிராங்க் கெலி 1990களில் இந்த வகை நியாயத்துக்குத் தெளிவான கணித வடிவம் தந்தார். ஆனால் அந்த வாதம் நெரிசலான பல இணைப்புகளைக் கடப்பவருக்கே பொருந்தும். எங்கள் பயிற்சியில் நெரிசல் ஓரிடத்தில்தான். அங்கே இருவரும் ஒரு பொதிக்கு ஒரே அளவு இடத்தையே பிடித்தார்கள். தொலைவிலிருந்தவர் வேறு யாருடைய பங்கையும் தொடவில்லை. அவர் செலுத்திய தண்டம், எடுத்துக்கொண்டதற்கு அல்ல, காத்திருந்ததற்கு.

இங்கே மனிதர்களைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் வகுப்பிலேயே ஒருவர் ஒரு பாடத்தில் தவறினார். அன்று மாலையே பேராசிரியரைச் சந்தித்தார், அண்ணனிடம் வழி கேட்டார், கோடைத் தவணையில் மீண்டும் எழுதித் தேறினார். இன்னொருவர் ஊரில் டிப்ளோமா முடித்தவர். அதை இங்கே ஏற்கச்செய்ய ஊரிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். வர ஐந்து மாதம். வந்ததில் ஒரு முத்திரை குறைவு. திருப்பி அனுப்ப, மறுபடியும் ஐந்து மாதம். அதற்குள் விண்ணப்பத்தின் காலக்கெடு முடிந்திருந்தது. இருவருக்கும் விதி ஒன்றுதான்; ஒருவரையும் எவரும் பாகுபாடாக நடத்தவில்லை. இருவரும் ஒருமுறைதான் விழுந்தார்கள்.

வசதி என்றால் பெரிய வாய்க்கால் என்று நினைத்திருந்தோம். வலையமைப்பு வேறொன்று சொல்கிறது. வாய்க்கால் ஒரே அகலமாக இருந்தாலும், பதில் விரைவாக வருகிறவருக்கே நீர் சேர்கிறது. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் தபாற்பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மறுப்பைக்கூடத் தாங்கலாம், மறுப்பு வந்தால் அடுத்த அடி வைக்கலாம். பதிலற்ற காலத்தில் எந்த அடியும் வைக்க முடியாது.

மனிதர் பொதிகள் அல்லர் என்பது தெரியும். ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. ஆனாலும் பொறியியலாளர்கள் இந்தச் சிக்கலை ‘அது தூரத்தின் விதி’ என்று விட்டுவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2006 முதல் லினக்ஸில் இயல்பாக அமைந்திருப்பது கியூபிக் என்ற முறை. இழப்பின்பின் எவ்வளவு விரைவாக எழலாம் என்பதை அது சுற்றுகளை எண்ணித் தீர்மானிப்பதில்லை; கடைசி இழப்பிலிருந்து கடிகாரத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்க்கிறது. தொலைவில் இருப்பவரின் கடிகாரமும் அருகில் இருப்பவரின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஒளியின் வேகத்தை யாராலும் மாற்ற முடியாது. வேற்றுமை முழுவதும் மறைந்துவிடவும் இல்லை. ஆனால் அந்தத் தூரத்துக்காக ஒருவரை எவ்வளவு தண்டிப்பது என்பது மனிதர் எழுதிய வரி. அதைத் திருத்தி எழுத முடிந்தது.

மனிதருக்கான விதிகளிலும் இது முடியும். அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்களை விண்ணப்பகாரரின் காலக்கெடுவில் எண்ணாமல் விடுவது ஒரு வரித் திருத்தம். அதற்குச் சலுகை என்று பெயரிடத் தேவையில்லை. கடிகாரத்தைச் சரிசெய்வது என்று சொன்னால் போதும்.

அலுவலகங்களைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடவும் முடியாது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் இன்று இந்த நகரத்தில் அருகில் இருப்பவர்கள். நமக்கு ஆள் தெரியும், வழி தெரியும், தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பார்கள். போன மாதம் வந்திறங்கியவர் ஒரு வேலை பற்றியோ வாடகை அறை பற்றியோ நம்மிடம் கேட்டால், ‘பார்ப்பம் தம்பி’ என்று சொல்லி மறந்துவிடுவது நமக்கு ஒரு மறதி. அவருக்கு அது ஒரு சுற்று. அந்தச் சுற்று முடியும்வரை அவர் வேறு கதவைத் தட்டத் தயங்குவார். உதவ முடியாதென்றால் அதையும் அன்றைக்கே சொல்லலாம். நம்மிடம் கொடுக்க வேலை இல்லாவிட்டாலும் பதில் இருக்கிறது. அதைத் தாமதிக்காமல் கொடுப்பது, தொலைவிலிருந்து வந்தவருக்கு நாம் செய்யக்கூடிய முதல் நீதி.