கண்ணாடிக்குப் பின்னால்

மலேசியத் தமிழில் ‘தோட்டம்’ என்றால் பூச்செடி வைக்கும் இடம் இல்லை. ரப்பர் தோட்டம், செம்பனைத் தோட்டம். “நீங்க எந்தத் தோட்டம்?” என்று ஒருவர் கேட்டால் அவர் உங்கள் பூர்வீகத்தைக் கேட்கிறார். அதனால் செலாயாங்கில் என் வீட்டு வாசலில் இருக்கும் மண்ணைத் தோட்டம் என்று சொல்ல எனக்கு வாய் கூசும். தாமான் வீடு. அகலம் 20 அடி. காடி நிறுத்திய இடம் போக மிச்சம் 8 அடிக்கு 5 அடி. அதில் ஒரு கறிவேப்பிலை, இரண்டு செம்பருத்தி, ஒரு தொட்டியில் பாண்டான். போன வருஷம் அதன் பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டினேன்.

இந்த வித்தை எளிதானதுதான். கண்ணாடியின் ஓரம் தெரியாதபடி கொடியைப் படரவிட வேண்டும். கேட்டைத் திறந்து வருகிறவரின் முகம் அதில் விழாதபடி சற்றுத் திருப்பி வைக்க வேண்டும். தன் முகத்தைப் பார்த்தால் அது கண்ணாடி என்று தெரிந்துவிடும். செடியை மட்டும் பார்த்தால் சுவரில் ஒரு வாசல் திறந்திருப்பது போல இருக்கும். ஐந்தடி பத்தடி ஆகிவிடும்.

நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “நல்லா ஏமாத்துறீங்க சார்” என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் அந்தச் சொல்லை நான் கொஞ்சம் நேராகவே எடுத்துக்கொண்டேன். இது ஏமாற்றா? இல்லை என்றால் ஏன் இல்லை?

‘யாருக்கும் நட்டம் இல்லை, அதனால் தப்பில்லை’ என்பது சட்டென்று வரும் பதில். எனக்கு அது போதவில்லை. நட்டத்தைப் பிறகுதான் கணக்குப் பார்க்க முடியும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஏமாறுகிறவரால் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பார்க்க முடியுமா?

என் பெரியம்மா பார்த்தார். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். “அந்தப் பக்கம் யாரு வீடுப்பா?” என்று கேட்டுக்கொண்டே கிட்டப் போனார். கொடியை விலக்கினார். சுவரைத் தட்டிப் பார்த்தார். சிரித்துவிட்டு, “செடிக்குத் தண்ணி ஊத்துறப்போ உள்ள இருக்கிற செடிக்கும் சேத்து ஊத்துவியா?” என்றார். அவர் ஏமாந்தது பத்து விநாடி. வெளியே வந்ததும் அவராகவேதான். அந்தப் பத்து விநாடியை அவர் இழப்பாக நினைத்ததாகத் தெரியவில்லை. போகும்போது இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கோயில்களுக்கும் இந்த வித்தை தெரியும். ஸ்ரீரங்கத்தில் கண்ணாடி அறை இருக்கிறது. அங்கே எழுந்தருளும் உற்சவ மூர்த்தி ஒருவர்தான், தெரிவது எத்தனையோ பேர். இங்கே ஜொகூர் பாருவில் ராஜகாளியம்மன் கோயில் உள்ளே முழுக்கக் கண்ணாடித் துண்டுகள், சுமார் 3 லட்சம். ஆனால் யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. கண்ணாடிக் கோயில் என்றே அதற்குப் பெயர். தெரிந்துதான் உள்ளே போகிறோம். தெரிந்த பிறகும் பிரமிப்பு குறைவதில்லை. தெரிந்த பிறகும் நிற்கும் மாயையை ஏமாற்று என்று என்னால் சொல்ல முடியாது.

பெரியம்மாவுக்கு இருக்கும் வசதி குருவிக்கு இல்லை. 1970இல் கார்டன் கேலப் என்ற உளவியலாளர் சிம்பன்சிகளுக்குக் கண்ணாடி காட்டி, அவை தம்மைத் தாமே அடையாளம் காண்கின்றன என்று நிறுவினார். பறவைகளில் ஐரோப்பிய மேக்பை அந்தச் சோதனையில் தேறியதாக 2008இல் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் தாமானில் திரியும் குண்டுக்கரிச்சான் தேறும் என்று தோன்றவில்லை. மலாய்க்காரர்கள் முராய் கம்போங் என்பார்களே, அந்தக் கறுப்பு வெள்ளைக் குருவிதான். காடியின் பக்கக் கண்ணாடியில் தெரியும் தன்னையே எதிரி என்று நினைத்து மணிக்கணக்கில் கொத்தும். கண்ணாடியில் வானமும் மரமும் தெரிந்தால் அதற்குள் பறக்கப் பார்க்கும் பறவைகளும் உண்டு. அமெரிக்காவில் மட்டும் கட்டடக் கண்ணாடிகளில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் சாகின்றன என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவை எவற்றுக்கும் பின்னால் போய்ப் பார்க்கும் வழி கிடையாது. அதனால் என் கண்ணாடி முழுக்க 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கிறேன். கரிச்சான் வந்து சண்டைக்கு நின்றால் ஒரு பழைய துணியைப் போட்டு மூடிவிடுவேன். அழகு குறைகிறதுதான். குறையட்டும்.

இனி மனிதர்கள் விஷயம். புதுக் குடியிருப்புத் திட்டங்களின் மாதிரி வீட்டுக்குள் போயிருப்பீர்கள். வரவேற்பறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும். இங்கே பெரும்பாலும் கட்டுவதற்கு முன்பே விற்கிறார்கள். வாங்குகிறவர் பின்னால் போய்ப் பார்க்க அங்கே வீடே இல்லை, கண்ணாடி மட்டும்தான் இருக்கிறது. “ஒப்பந்தத்துல அளவு போட்டிருக்கே” என்று சொல்லலாம். போட்டிருக்கும். ஆனால் சதுர அடி என்ற எண்ணைக் கண் ஜெயித்துவிடும் என்று தெரிந்துதானே அந்தக் கண்ணாடிக்குச் செலவு செய்கிறார்கள்? என் வாசலில் இருப்பதும் அங்கே இருப்பதும் ஒரே பொருள்தான். என் வாசலில் உண்மை தெரிய பத்து விநாடி ஆகும். அங்கே சாவி கைக்கு வரும் நாள்வரை ஆகும். அதற்குள் முப்பது வருஷக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

எனக்கு அதிகம் உறுத்துவது இன்னொருவர் விஷயம். அது நான்தான். கண்ணாடியை மாட்டியவன் ஏமாற மாட்டான் என்று நினைக்கிறோம். தினமும் பார்த்தால் ஏமாறலாம். இரண்டு மாதத்தில் 5 அடி போதும் என்று தோன்ற ஆரம்பிக்கிறது. இருப்பதில் நிறைவு காண்பது நல்ல குணம். ஆனால் குறைவாகக் கொடுத்தவர்களுக்கும் அந்தக் குணம் வசதியாக இருக்கிறதே.

நம் ஆட்களுக்கு இடம் எப்படிச் சுருங்கியது என்று யோசித்துப் பார்க்கிறேன். லயத்து வீடு சிறியதுதான், சொந்தமும் இல்லை. ஆனாலும் பின்னால் முருங்கையும் மிளகாயும் போட மண் இருந்தது. பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. தோட்டங்கள் கைமாறி மக்கள் வெளியேறினார்கள். அப்போது ‘இருப்பது போதும்’ என்று எல்லோரும் இருந்துவிடவில்லை. 1960இல் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பால்மரம் சீவியவர்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்குப் பணம் கட்டினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தங்கள் இடம் எவ்வளவு சின்னது, அதுவும் யாருடையது என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் கேட்டார்கள், சேர்த்தார்கள், வாங்கினார்கள்.

ஆகவே கண்ணாடியை நான் கழற்றப் போவதில்லை. வேலை முடிந்து வந்து ஐந்து நிமிஷம் அதன் முன்னால் உட்கார்ந்தால் மனசுக்கு நன்றாக இருக்கிறது. சின்ன வீட்டில் இருக்கிறவனுக்கு அந்த ஐந்து நிமிஷத்தை மறுப்பது என்ன அறம்? ஆனால் கண்ணாடிக்குள் தெரியும் இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. யாராவது வந்து “எவ்ளோ எடம் இருக்கு?” என்று கேட்டால் 8க்கு 5 என்றுதான் சொல்கிறேன். ஒட்டுக் கேட்டு வருகிறவர்கள் கேட்டாலும் அதே பதில்தான்.