நிறுத்தும் உரிமை

பயண நிறுவனம் ஒன்றின் வண்ண விளம்பரத் தாள் அண்மையில் நம் கைக்குக் கிட்டியது. பிரான்சு நாட்டின் தென்மேற்கே, போர்தோ நகரை அடுத்த திராட்சை நாட்டில் ஒரு வார விடுமுறை. பழைய பண்ணை மாளிகை ஒன்றில் தங்கல். காலையில் மிதிவண்டிப் பயணம். நாளொன்றுக்கு 30 அல்லது 40 கிலோமீட்டர். மாலையில் மாளிகையின் நிலவறையில் மதுவகைகளின் சுவை காணல். பெட்டிகளைச் சுமந்து வர ஒரு வண்டி. இத்தனைக்கும் கட்டணமோ, நம்மைப் போன்ற எழுத்தரின் சில மாத ஊதியம்!

படித்ததும் முதலில் நகைப்பே பிறந்தது. பால்காரரும் அஞ்சல்காரரும் வயிற்றுக்காக மிதிக்கும் வண்டியை, கைப்பொருள் கொடுத்தா மிதிப்பார்கள்? நாமும் பல ஆண்டுகள் அலுவலகத்திற்கு மிதிவண்டியில் சென்றவர்களே. தலைநகரின் மே மாத வெயிலில், கைப்பிடியில் சோற்றுப் பாத்திரம் தொங்க, வருகைப் பதிவேட்டை எண்ணி மிதித்த அந்த நாட்களை இன்பச் செலவு என்று எவரேனும் கூறியிருந்தால் அவரை ஐயுற்று நோக்கியிருப்போம்.

ஆயினும் நகைப்பு விடையாகாது. சற்றே எண்ணிப் பார்த்தால், அந்தத் தாளுக்குள் ஓர் அறவினா மறைந்திருக்கக் காண்கிறோம். கால் ஒன்றே, சக்கரம் ஒன்றே, வியர்வையும் ஒன்றே. அவ்வாறிருக்க, ஒருவனுக்குத் துன்பமாவது மற்றொருவனுக்கு இன்பமாவது எங்ஙனம்?

போர்தோவின் அருகிலிருந்து சோவ்தேர் என்னும் சிற்றூர் வரை, கைவிடப்பட்ட பழைய இருப்புப்பாதையின் தடத்தில் ஒரு மிதிவண்டிச் சாலை செல்கிறது. 1937-ஆம் ஆண்டின் பிரான்சு நெடும்பந்தயத்தில் வென்ற ரோஜே லபெபியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அந்தச் சாலையில் செல்லும் விருந்தினன் களைத்தால், மரநிழலில் வண்டியைச் சாய்த்துவிட்டு அமரலாம். மழை வந்தால் பயணத்தையே விட்டுவிடலாம். அவனை யாரும் வினவார். சவாரி ஏற்றிய ரிக்‌ஷாக்காரர் அவ்வாறு இறங்கி அமர முடியுமா? வேறுபாடு வியர்வையில் இல்லை. நிறுத்தும் உரிமையில் இருக்கிறது. நினைத்தபோது நிறுத்தக்கூடிய உழைப்பு விளையாட்டாகிறது. நிறுத்த இயலாத உழைப்பு சுமையாகிறது.

இவ்வுண்மையை அந்நாட்டு மக்கள் போராடியே உணர்ந்தனர். 1936-ஆம் ஆண்டின் கோடையில் பிரான்சின் ஆலைகளில் தொழிலாளர் வேலையை நிறுத்தி, ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்தனர். லெயோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு அவ்வாண்டு ஜூன் திங்களில் சட்டம் இயற்றியது. வாரத்திற்கு 40 மணி நேர வேலை. ஆண்டுக்கு இரு வாரம் ஊதியத்துடன் விடுமுறை. விடுமுறைச் செலவுக்குத் தொடர்வண்டிக் கட்டணத்தில் 40 விழுக்காடு குறைத்தும் கொடுத்தனர். அவ்வாண்டில் கடலையே கண்டிராத பலர் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். பலர் மிதிவண்டியிலும், இருவர் மிதிக்கும் வண்டியிலும் நாட்டுப்புறம் நோக்கிப் புறப்பட்டனர். நேற்றுவரை ஆலைக்குச் சுமந்து சென்ற அதே வண்டி, அன்று ஆற்றங்கரைக்குச் சுமந்து சென்றது. அந்த இரு வாரம் 1982-இல் ஐந்து வாரமாக வளர்ந்தது. எனவே, மிதிவண்டி விடுமுறை செல்வரின் விந்தை விருப்பமாகத் தொடங்கியதன்று. எளியோர் ஈட்டிய உரிமையும் அதன் வேரில் உண்டு.

இனி, மதுவின் செய்தி. தமிழினம் மதுவை அறியாததன்று. யவனர் கொணர்ந்த தேறலைச் சங்கப் பாடல் அறியும். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. ஆயினும் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அளவாக உண்ணுக என்று அவர் இசைவு தரவில்லை; உண்ணற்க என்றே உரைத்தார். அளவு என்று தொடங்கியவன், அந்த அளவைக் காக்கும் அறிவையே முதலில் இழக்கிறான் என்பதை அவர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

போர்தோவில் சுவை காண்போர் மதுவைக் கிண்ணத்தில் சுழற்றி, முகர்ந்து, நாவில் வைத்துப் பின் கலத்தில் உமிழ்ந்துவிடுவதும் உண்டு. அந்நாட்டுச் சட்டமும் ஒரு லிட்டர் இரத்தத்தில் அரைக் கிராம் மதுச்சாரம் என்னும் வரம்பைக் காருக்கு மட்டுமன்றி மிதிவண்டிக்கும் விதித்திருக்கிறது. இவற்றைக் கூறுவது மதுவுக்கு வழக்காடுவதற்காக அன்று; நாம் வள்ளுவர் பக்கமே நிற்கிறோம். அங்கும் இறுதி வினா நிறுத்த முடியுமா என்பதுதான் என்று காட்டவே கூறினோம். நிறுத்த இயலாத உழைப்பு ஒருவனை அடிமையாக்குவது போலவே, நிறுத்த இயலாத இன்பமும் அடிமையாக்குகிறது.

ஆனால், விருந்தினனின் கிண்ணத்தை மட்டும் நோக்கி நம் தீர்ப்பை முடித்துக்கொள்ளலாமா? அந்தக் கிண்ணத்தை நிரப்பியவர் யாவர்? போர்தோவின் பழஞ்செல்வம் திராட்சையால் மட்டும் வந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகரத்துக் கப்பல்கள் ஆப்பிரிக்க மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கரீபியத் தீவுகளுக்கு அடிமைகளாகக் கொண்டு சென்றன. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்தது. உடனே கரும்புத் தோட்டங்கள் வேறு கைகளைத் தேடின. 1853-இல் மார்த்தினிக்கிலும், 1854-இல் குவாதலூப்பிலும் இந்திய ஒப்பந்தக் கூலிகள் முதன்முதலாகக் கரையிறங்கினர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர் அவர்களுள் பலர். ஊரை விட்டு வந்து வாழும் நாம் இதனை மறத்தல் தகாது. நாம் திரும்பிச் செல்ல வண்டி உண்டு. அவர்களுள் மிகப் பலருக்குத் திரும்பும் வழியே இல்லாமற் போயிற்று.

இது பழங்கதை எனத் தள்ளவும் இயலாது. ஷாம்பெய்ன் பகுதியில் திராட்சையைக் கையாலேயே பறித்தல் வேண்டும் என்பது விதி. கொடிகளின் இடையே நாள் முழுதும் குனிந்து பறிக்கும் வேலை அது. 2023 செப்டம்பரில், கடும் வெயில் வீசிய அறுவடை நாட்களில், அங்குத் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். அதே வெயிலில் மிதித்த விருந்தினன் நிழல் தேடி ஒதுங்கியிருப்பான். பறித்தவர் எளிதில் ஒதுங்க முடியுமா?

அப்படியானால் ஓய்வே குற்றமோ எனில், அன்று. அதே திராட்சை நாட்டின் அருகே மோந்தேன் என்னும் அறிஞரின் மாளிகைக் கோபுரம் இன்றும் நிற்கிறது. போர்தோ நீதிமன்றத்தில் பதவி வகித்த அவர், 1571-இல், தம் 38-ஆம் வயதில், பணியை நிறுத்திவிட்டு அக்கோபுரத்தில் நூல்களோடு தங்கினார். ஓய்வில் மனம் அடங்கும் என்று எண்ணினார்; மனமோ கட்டவிழ்ந்த குதிரையாய் ஓடிற்று என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ஓட்டத்தை ஆராயப் புகுந்தே, கட்டுரை என்னும் இலக்கிய வகையை ஐரோப்பாவுக்கு அளித்தார். ஓய்வு மனிதனைத் தன்னைத் தான் காணச் செய்கிறது. ஆகையால் அது ஒவ்வொருவருக்கும் வேண்டும். ஒருவரின் ஓய்வை மற்றவரின் ஓய்வின்மை மீது கட்டுவதே குற்றம்.

இந்த அளவுகோலைப் பிரான்சின் மாளிகைக்கு நீட்டிவிட்டு, நம் வீட்டு வாயிலில் மடக்கி வைத்துக்கொள்ளலாகாது. விடுமுறைப் பயணச் சலுகையில் நாம் ஊருக்குச் செல்கிறோம். இரு நாள் தொடர்வண்டிப் பயணத்துக்கு வேண்டிய இட்டலியும் புளிச்சோறும் கட்டியவர் யார்? ஊர் சேர்ந்ததும் நாம் திண்ணையில் சாய்ந்து அரசியல் பேச, நம் இல்லத்தரசி நேரே அடுக்களைக்குள் செல்கிறார். அவருக்கு அடுப்பு மாறுகிறது, வேலை மாறுவதில்லை. திரும்பி வந்து, “விடுமுறை நன்றாகக் கழிந்தது” என்று அலுவலகத்தில் கூறுகிறோம். யாருக்கு நன்றாகக் கழிந்தது என்று நம்மை யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்டுக்கொண்டதில்லை. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்கு ஆண்டில் எத்தனை நாள் ஊதியத்துடன் ஓய்வு தருகிறோம் என்ற வினாவுக்கும் நம்மிடம் நாணமின்றிக் கூறத்தக்க விடை இல்லை.

வண்ணத் தாளைக் கண்டு நகைத்த நாம், இதனை எழுதி முடிக்கும் வேளையில் நகைப்பை இழந்து நிற்கிறோம். அந்த விருந்தினன் தன் சாலையில் நிறுத்த விரும்பினால் நிறுத்துகிறான். நம் இல்லத்தில் அவ்வுரிமை எத்தனை பேருக்கு உண்டு? அடுத்த விடுமுறைக்குச் சீட்டுப் பதிவு செய்யுமுன் இவ்வினாவுக்கு விடை தேடுவோம். அடுக்களையில் சில நாள் நாம் நின்று, அவரைத் திண்ணையில் அமரச் செய்வோம். பாத்திரம் துலக்கும் அம்மையாருக்கும் அந்நாட்களின் கூலியைக் கையில் கொடுத்துவிட்டே புறப்படுவோம்.