விளையாட்டிற்காக உயிரை வாட்டலாமோ?

அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள போகா கிராண்டே என்னும் கடற்கரையூரில், 2006ஆம் ஆண்டு மே மாதம், பெரியதொரு கொம்பன் சுறா தூண்டிலில் அகப்பட்டது. சம்மட்டிபோல் இருபுறமும் தலை விரிந்த அம்மீன் பல மணி நேரம் போராடி, படகையே இழுத்தலைத்து, இறுதியில் ஓய்ந்தது. கரையில் நிறுத்தபோது அதன் எடை 1,280 பவுண்டு. 1982இல் பிடிபட்ட 991 பவுண்டுச் சுறாவின் சாதனை முறிந்தது. உடலைப் பெற்ற மோட் கடலாய்வு நிலையத்தார் அறுத்துப் பார்க்கையில், வயிற்றினுள் 55 குட்டிகள் இருக்கக் கண்டனர்.

மீன் பிடிப்பதே குற்றமா என்பது இங்கு நம் ஆராய்ச்சியன்று. நம்மில் மீன் உண்போர் பலர். அதனை மறைத்துப் பேசுவது பொய்யாகும். அலையோடு மல்லாடி வலை வீசும் பரதவரை, அம்மீனை வாங்கி உண்ணும் நாம் நிந்திப்பது முறையுமன்று. ஆனால் உணவும் வேண்டாது, ஊதியமும் வேண்டாது, பெரும்பொருள் செலவிட்டுப் படகமர்த்தி, ஓருயிரின் சாவுப் போராட்டத்தையே சுவையாகக் கொள்ளும் செயலை எதில் சேர்ப்பது?

“நாங்கள் கொல்வதில்லை, பிடித்துப் பார்த்துவிட்டு மீண்டும் கடலிலேயே விட்டுவிடுகிறோம்” என்பர் இன்று பலர். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. உயிராயிருத்தல், உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் நேரும் மரணம் என்று கொலைக்கு ஐந்து அங்கங்களை நம் உரையாசிரியர்கள் வகுத்தனர். விடுவிப்பவனிடம் கொல்லும் எண்ணம் இல்லையே. எனவே முதற்சீலம் பிழைக்கவில்லை என்னலாம். எண்ணத்தையே வினையென்று கொண்ட நெறி, எண்ணமில்லாவிடத்தில் கொலைப்பழி சுமத்தாது என்பது மெய்யே.

எனினும் அவனிடம் இருந்த எண்ணந்தான் யாது? மீன் எதிர்ப்பின்றி வந்து சேருமாயின் அவனுக்கு அதில் இன்பமில்லை. அது வெருண்டோடுவதும், முள் தைத்த வாயோடு திமிறுவதும், மீண்டும் மீண்டும் ஆழத்திற்குப் பாய்வதுமே அவன் விலைகொடுத்துப் பெற்ற பொருள். பரதவனுக்கு மீனின் துன்பம் தொழிலில் நேர்வது; இவனுக்கோ அத்துன்பமே தேடி வந்த பண்டம். மேலும், கொம்பன் சுறா தூண்டிலில் நெடுநேரம் போராடினால் தசைகளிலும் குருதியிலும் அமிலம் மிகுந்து, விடுபட்ட பின்னும் மாள்வதுண்டு. இவ்வினத்திற்கு இத்தீங்கு மிகுதியென ஆய்வாளர் எழுதியும் இருக்கின்றனர். இதனை அறிந்தவன் “யான் கொல்லக் கருதவில்லை” என்று எத்தனை முறை சொல்ல முடியும்?

சாவத்தி நகருக்கும் ஜேதவனத்திற்கும் இடையே சிறுவர் சிலர் மீன்களை வதைத்து விளையாடக் கண்ட பகவன், “துன்பத்திற்கு நீங்கள் அஞ்சுவீர்களா? அது உங்களுக்கு வெறுப்பானதா?” என்று வினவினார். அவர்களும் ஆமென்றனர். அது மீன்களைப் பற்றிய வினாவன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். சிறுவர்க்கு விளையாட்டு மறந்திருக்கலாம், அவ்வினா மறந்திராது.

இனி அளவின் ஆசையைப் பற்றி ஒன்று. 1939இல் நிறுவப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், எடைச் சாதனைக்கு மீனைக் கரையிலேயே நிறுக்க வேண்டுமென விதித்தது. அத்தனை பெரிய சுறா கரையேறிய பின் பிழைப்பதேது? 2011இல் நீளத்தை அளந்துவிட்டு மீனை விடுவிக்கும் வேறொரு சாதனை முறையையும் அச்சங்கம் ஏற்படுத்தியது, நல்லதே. ஆயினும் சுறாக்களில் பெரும்பாலும் பெண்ணே ஆணினும் பெரியது. சூல் கொண்டபோது இன்னும் கனத்தது. ஆகவே மிகப் பெரியதைத் தேடிச் செல்பவன், தான் அறியாமலே தாயைத் தேடிச் செல்கிறான். பெரிய கொம்பன் சுறாவோ, 2019 முதல் முற்றும் அழியும் நிலையை நெருங்கிய இனமென அட்டவணையில் குறிக்கப்பட்டுள்ளது.

போகா கிராண்டேயில் நிறுத்த அந்த 1,280 பவுண்டில், 55 குட்டிகளின் எடையும் சேர்ந்தே இருந்தது.