ஆசிரியன் தன் பிழையை மறைக்கலாமோ?

பாடஞ் சொல்லும் ஆசிரியன், தான் முன்னர்ச் சொன்ன பொருள் பிழையென்று பின்னர் உணர்வானாயின், அதனை மாணாக்கர்க்கு வெளிப்படுத்தல் வேண்டுமோ, நன்மதிப்புக் குறையாதவாறு வாளா இருத்தல் தகுமோ என்னும் ஐயம் நம்மனோர் பலர்க்கும் நிகழ்வதுண்டு. இதற்கு விடை எமக்குத் தச்சுக்கூடத்தின்கண் கிடைத்தமையின், அதனை ஈண்டு எழுதத் துணிந்தேம்.

தில்லைச் சிற்சபை மரத்தாலியன்றதென்பதை யாவரும் அறிவர். மரத்தை மரத்தோடு பூட்டும் முறையை அறியும் விருப்பால், தொடக்கநிலையினர்க்கென நடந்த தச்சு வகுப்பொன்றிற் புகுந்தேம். முற்ற நேரான மரம் ஒன்றுமில்லை. ஆதலின் ஒரு முகத்தைத் தெரிந்துகொண்டு எல்லா அளவையும் அதிலிருந்தே எடுத்தல் வேண்டும் என்பது முதற்பாடம். ஒரு மரத்திற் றுளையும், மற்றொன்றில் அதனுட் புகும் நாக்கும் அமைப்பர். இரண்டையும் ஊடுருவி மரமுளை அடிப்பர். நாக்கிலுள்ள முளைத்துளையை அதன் அடிப்பக்கமாக அரைநூலளவு விலக்கி இடுவர். முளை இறங்குங்கால் அது நாக்கை உள்ளிழுத்து இறுக்கும்.

எமது உளி கோட்டைக் கடந்தது, துளை அகன்றது. ஒருவரும் அறியாவாறு சிம்பொன்றைத் திணித்து, மரத்தூளும் பசையுங் கொண்டு அடைத்து இழைத்து விட்டேம். புறத்தே குறை தோன்றவில்லை. ஆசாரியார் கொட்டாப்புளியால் ஒருமுறை தட்டினர்; ஒலி வேறுபட்டது.

"பிழை செய்தது குற்றமன்று, ஐயா, தொடக்கத்தில் எல்லாருஞ் செய்வதே. பச்சை மரம் காயக் காயக் குறுக்கே சுருங்கும். நீங்கள் திணித்த சிம்பு அப்பொழுது கழலும். அதற்குள் மேலே கூரை ஏறியிருக்கும், கீழே ஆள் இருப்பான்" என்றனர்.

அச்சொல் எம்மைச் சுட்டது. பல்லாண்டுகளுக்கு முன் யாம் பாடஞ் சொல்லுங்கால், முத்தியில் ஆணவமலம் பொருளளவில் அழிந்தொழியும் என்று கூறினேம். அதன் சத்தி மடங்குவதன்றி மலம் அழிவதில்லை என்பதே சித்தாந்தத் துணிபு. பின்னர்ப் பிழையுணர்ந்தும், அடுத்த வகுப்பிற்குத் திருத்திச் சொன்னதன்றி, முன் கேட்டவர்க்கு ஒன்றும் அறிவித்திலேம். அவருட் சிலர் இன்று தாமே ஆசிரியராய்ப் பாடஞ் சொல்கின்றனர். எமது சிம்பின்மேற் கூரை ஏறிவிட்டது.

புறவிருள் பொருள்களை மறைப்பினும் தான் இருப்பதைக் காட்டும். ஆணவமோ தன்னிருப்பையும் மறைக்கும். யாம் வாளா இருந்ததற்கு 'மாணாக்கர் மனங் குழம்பலாகாது' என்று காரணங் கூறிக்கொண்டேம். மலம் அருளின் வேடம் பூண்டு நின்றவாறு இது. ஆணவத்தைப்பற்றிச் சொன்ன பிழையை ஆணவமே மறைத்தமை நகைத்தற்கும் உரியது, நாணுதற்கும் உரியது.

அற்றேல், குருவைச் சிவமெனவே கொள்ளும் மரபில், ஆசிரியன் தன் பிழை கூறின் மாணாக்கன் பத்தி தளராதோ எனின், தளராது. சிவம் எழுந்தருளி நின்று மலங்களையும் ஞானகுரு வேறு. நூற்பொருள் சொல்லும் வித்தியாகுரு வேறு. பின்னவன் பசுபோதம் நீங்காதவன். அவன்பாற் பிழை நிகழ்தல் இயல்பு. அதனை மறைத்து வணக்கம் பெறுவானாயின், அவ்வணக்கம் அவனது மலத்திற்கே செல்லும். பிழையைச் சொல்லி நூலைக் காட்டுவானாயின், மாணாக்கன் பத்தி நூற்பொருளாகிய சிவத்தின்பாற் செல்லும். அவன் இழப்பது தன் பெருமையொன்றே. அதுவும் அவன் இழக்க வேண்டியதே.

ஆசாரியார் அம்மரத்தை ஒதுக்கி, வேறொன்று தந்து, மீண்டும் முகத்திலிருந்து அளக்கச் செய்தனர். யாமும் பழைய மாணாக்கருள் இருக்குமிடம் தெரிந்தவர்க்கெல்லாம் பிழையை எழுதி அனுப்பினேம். தெரியாதவர் இதனைக் காண்பாராயின், ஈண்டே திருத்திக்கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.