நிரந்தர முகவரி

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் மூன்று வருஷங்களாகத் தென்கொரியாவில், சுவோன் நகரில் இருக்கிறான். மனைவிக்கு அங்கே ஆராய்ச்சி வேலை. இவன் கூடப் போனவன். 1790களில் எழுப்பிய கோட்டைமதில் ஒன்று அந்தப் பழைய நகரைச் சுற்றி ஓடுகிறது. சாயங்காலங்களில் மதிலோரம் நடப்பது பற்றியும், சந்துகளுக்குள் வழி தவறிப் புதுச் சந்துகளைக் கண்டுபிடிப்பது பற்றியும், கிம்ச்சி இல்லாமல் இப்போதெல்லாம் சோறு இறங்குவதில்லை என்பது பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவான். சென்ற கடிதத்தில் ஒரு வாக்கியம்: 'ஒருவழியாக இதை என் ஊராக்கிக்கொண்டுவிட்டேன்.' இந்த வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பொறாமையோ என்று சோதித்துப் பார்த்தேன், இல்லை. 'ஆக்கிக்கொள்வது' என்ற வினைதான் உறுத்தியது. ஓர் ஊரை ஒருவன் தானாகவே தன்னுடையதாக்கிக்கொள்ள முடியுமா? அந்த வினைக்கு எழுவாயாக இருக்கும் உரிமையை அவனுக்கு யார் கொடுத்தது?

என் தொழிலில் இந்தக் கேள்விக்குச் சுலபமான விடை இருக்கிறது. கணக்குத் தொடங்கும் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி. இரண்டுக்கும் சான்று கேட்டு வாங்கி வைத்துவிட்டால் மனிதன் எந்த ஊர்க்காரன் என்ற விவகாரம் முடிந்துபோகிறது. பொன்னேரிப் பக்கம் மாற்றலாகி வந்தபோது நானும் என் படிவத்தை நிரப்பினேன். நிரந்தர முகவரியில், விற்றுப் பத்து வருஷமாகிவிட்ட ஒரு வீட்டின் கதவு எண்ணை எழுதினேன். தற்போதையதில், அடுத்த மாற்றல் வரும்வரை மட்டும் இருக்கப்போகிற வாடகை வீடு. இரண்டும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டில் எதுவும் என் ஊர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுக்கு பஸ் ஏறுவது அப்படித்தான் வழக்கமாயிற்று. நண்பன் சுவோனில் செய்வதையே நானும் செய்தேன் என்று சொல்லலாம். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வாயிலின் இரு பக்கமும் கருங்கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. 1613இல் அவர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர்தான். கோட்டை போய்விட்டது, கோட்டைக்குப்பம் என்ற பெயர் மட்டும் பக்கத்து மீனவர் குடியிருப்பில் தங்கிவிட்டது. கல்லறை வரிகளில் பிறந்த நகரங்களின் பெயர்களையும் பொறித்துக்கொண்டு, இரண்டு நூற்றாண்டுக் காலம் இந்த மண்ணில் வாழ்ந்து செத்தவர்கள் இவர்கள். இது அவர்களுடைய ஊராயிற்றா? இங்கே நெய்த துணியைக் கொண்டுபோய்த் தீவுகளில் வாசனைப்பொருள் வாங்கினார்கள். இந்தக் கரையில் பஞ்சத்திலும் யுத்தத்திலும் அடிபட்டவர்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். நிலத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் எப்போதும் ஒரு கோட்டைச் சுவர் இருந்தது. மண்ணுக்குள் கிடப்பதனால் மட்டும் ஒருவன் அந்த மண்ணுக்காரன் ஆகிவிடுவதில்லை என்றுதான் தோன்றுகிறது.

இதே டச்சுக் கம்பெனியின் சிப்பந்திகள் சிலருக்கு, சுவரில்லாமல் வாழ நேர்ந்தது. அது நடந்தது என் நண்பன் இருக்கும் கொரியாவில்தான். 1653இல் பட்டாவியாவிலிருந்து புறப்பட்டு, தைவான் வழியாக ஜப்பானுக்குப் போன ஸ்பெர்வர் என்ற கப்பல் ஜெஜூ தீவில் மோதி உடைந்தது. 64 பேரில் 36 பேர் கரையேறினார்கள். அவர்களில் கப்பலின் கணக்கப்பிள்ளை ஹெண்ட்ரிக் ஹாமெலும் ஒருவர். ராஜ்யத்துக்குள் வந்துவிட்ட அந்நியனை வெளியே அனுப்புவதில்லை என்பது அன்றைய கொரிய அரசின் விதி. பதின்மூன்று வருஷங்கள் கழித்து, 1666இல், ஏழு பேரோடு படகில் தப்பி ஹாமெல் நாகசாகி சேர்ந்தார். அந்தப் பதின்மூன்று வருஷங்களைப் பற்றி அவர் எழுதியதுதான் கொரியாவை உள்ளேயிருந்து பார்த்து ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் நூல் என்று கொண்டாடப்படுகிறது. ஆனால் அது கம்பெனிக்கு எழுதிய அறிக்கை. சம்பளப் பாக்கி கோருவதற்கான ஆதாரமும் அதுவே.

கணக்கப்பிள்ளையின் மேல் எனக்கு இயல்பாகவே ஒரு சொந்தம் ஏற்பட்டுவிட்டது. அவர் நாட்டை நன்றாகப் பார்த்தார்: பயிர், தண்டனை, சடங்கு, வீடு எல்லாவற்றையும் குறித்துவைத்தார். ஆனால் பார்த்த ஒவ்வொரு நாளும் வேறெங்கோ திறந்திருந்த ஒரு கணக்கில் வரவாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப்போகும் கணக்கு மூடப்படாதவரை எந்த இடமும் ஒரு போஸ்டிங்தான்.

ஹாமெலின் ஆட்களை விசாரிக்க ஜெஜூவுக்கு வந்தவர் இதற்கு நேர் எதிரான மனிதர். ஜான் வெல்டெவ்ரே என்ற அந்த டச்சுக்காரர் 1627இல் குடிதண்ணீர் எடுக்கக் கரையிறங்கி, இரண்டு தோழர்களோடு பிடிபட்டவர். 1653இல் அவருக்குப் பெயர் பாக் யோன். கொரிய மனைவி, குழந்தைகள், படையில் பீரங்கி உத்தியோகம். தாய்மொழி அநேகமாக மறந்துபோயிருந்தது. சொந்த நாட்டு மனிதர்களோடு பழகிப் பழகி அதைத் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. அவருடைய தோழர்கள் இருவரும் 1636இல் மஞ்சூரியர் படையெடுப்பின்போது, கொரியாவுக்காகப் போரிட்டுச் செத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் வெல்டெவ்ரேயைப் புகழ்ந்து கட்டுரையை முடித்துவிடுவது சௌகரியம். வேரூன்றியவன் மேலானவன், கணக்கு வைத்தவன் தாழ்ந்தவன் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெல்டெவ்ரே தங்கியது அவர் தேர்ந்த விஷயமில்லை, கதவு பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்குள் மனிதன் வேர்விட்டதைப் பார்த்துப் பூட்டைப் பாராட்டுவது அநியாயம். அப்படிப் பாராட்டத் தொடங்கினால், பழவேற்காட்டிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களும் பட்டாவியாவில் பெற்றுப் பெருகி அதை ஊராக்கிக்கொண்டார்கள் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். அவர்களுக்கு அறிக்கை எழுதவும் ஒரு கணக்கப்பிள்ளை இல்லை.

அப்படியானால் ஊர் என்பது எது? எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது ஏரியில்தான்.

பழவேற்காட்டு ஏரியில் பட்டினவர் குப்பங்களுக்குள் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. இறால் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருவனுக்கே போய்ச் சேராது. கெட்ட இடமும் அப்படித்தான். கல்யாணமான ஆணுக்கு ஒரு தலைக்கட்டு, அவனுக்கு ஒரு பங்கு. முகத்துவாரத்தை மணல் அடைத்து மீன் வரத்து குறைந்தால் அந்த இழப்பும் எல்லோருக்கும் பொது. தமிழில் பாடு என்றால் உழைப்பு, கஷ்டமும்தான். மூன்றையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஊர் என்பதற்கு இதைவிட நல்ல வரையறை எனக்குக் கிடைக்கவில்லை: கிடைப்பதில் ஒரு முறை, படுவதில் ஒரு பங்கு.

இந்த வரையறையோடு நான் சந்தோஷமாகத் திரும்பியிருக்கலாம். பணம் எடுக்க எங்கள் கிளைக்கு வரும் ஒருவர் அதற்கு இடம் வைக்கவில்லை. ஏரிக்கரையில் பிறந்தவர்; அப்பாவும் தாத்தாவும் அதே தண்ணீரில் மீன் பிடித்தவர்கள்; ஆனால் பட்டினவர் இல்லை. பாடு பற்றிக் கேட்டேன். "ஊரு இதுதான் சார். பாடுதான் இல்ல" என்றார். குரலில் புகார்கூட இல்லை. பணத்தை எண்ணி மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

முறையில்லாமல் பாடு மட்டும் படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. இடுப்பளவுத் தண்ணீரில், பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு எந்தச் சீட்டிலும் பெயர் கிடையாது. ஏரியை அவர்களளவு உடம்பால் அறிந்தவர் யார்? அறிவினால் ஊர் சொந்தமாகுமானால் அது முதலில் அவர்களுடையது. ஆகவே என் வரையறை ஊருக்கு எதிராகவும் ஒரு கேள்வியைத் திருப்புகிறது: உழைப்பை வாங்கிக்கொண்டு முறையை மறுக்கும் ஊர், எந்த நியாயத்தில் தன்னை ஊர் என்று சொல்லிக்கொள்கிறது? சமத்துவமான ஏற்பாடு என்று வெளியூர்க்காரனாகிய நான் வியந்த பாடு, கதவுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் சமம்.

நண்பனின் வாக்கியத்துக்கு வருகிறேன். கொரியர்கள் 'என் வீடு', 'என் அம்மா' என்று சொல்லாமல் 'ஊரி' என்ற சொல்லைப் போட்டு 'நம் வீடு', 'நம் அம்மா' என்பது போலச் சொல்கிறார்கள் என்று ஒரு கடிதத்தில் மெச்சி எழுதியிருந்தான். கேட்பவனைச் சேர்த்துக்கொள்ளவும், அவனை வெளியே நிறுத்தவும் அவர்களுக்கு அந்த ஒரே சொல்தான். தமிழ் இதில் கறாரானது. 'எங்க ஊரு' என்றால் கேட்பவன் வெளியே நிற்கிறான். 'நம்ம ஊரு' என்றால் உள்ளே வந்துவிட்டான். எந்தச் சொல்லைப் போடுவது என்பதைப் பேசுகிறவன் தீர்மானிக்கிறான். வந்தவன் கேட்டுப் பெற முடியாது. பழவேற்காட்டில் இரண்டு வருஷமாக எனக்குக் கிடைத்துவருவது 'எங்க ஊரு'தான். அது சரியான சொல். நான் அங்கே வலையும் கட்டவில்லை, தண்ணீரிலும் இறங்கவில்லை.

பணம் எடுக்க வந்தவர் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன். 'எங்க', 'நம்ம' இரண்டும் இல்லாமல் வெறுமனே 'ஊரு' என்றார். எந்தச் சொல்லைப் போடும் உரிமை தனக்கு இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவருடைய நிரந்தர முகவரியும் தற்போதைய முகவரியும் ஒன்றேதான்; கட்டங்கள் இரண்டும் சரியாக நிரப்பப்பட்டு, என் கையெழுத்தோடு கோப்பில் இருக்கின்றன.

நண்பனுக்குப் பதில் எழுத வேண்டும். சந்துகளைப் பற்றி இன்னும் எழுது என்பேன். படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. கூடவே ஒன்று கேட்க நினைத்திருக்கிறேன்: அந்த ஊர் உன்னிடம் இதுவரை எதையாவது கேட்டதா?