காலாவதியும் கடமையும்

வைத்துக் காப்பது சிக்கனம், உடனே செலவிடுவது ஊதாரித்தனம் என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். இவ்வெண்ணம் எல்லாப் பொருளுக்கும் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது. எடுத்த சில நிமிடங்களில் படத்தைக் கையில் தரும் காமிராவின் பிலிமை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் எட்வின் லாண்ட் என்னும் அறிஞர் தம் சிறு மகளைப் படமெடுத்தார். அப்படத்தை அப்பொழுதே ஏன் பார்க்க இயலாது என்று குழந்தை வினவியது. அவ்வினாவே வித்தாயிற்று. 1947-இல் தம் முறையை நியூயார்க்கில் அறிஞர் அவையொன்றில் அவர் விளக்கிக் காட்டினார். 1948-இல் போலராய்ட் காமிரா பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. காத்திருக்க மறுத்த குழந்தையின் வேட்கையிற் பிறந்த பொருள் இது. இதனையன்றோ பலர் ஆண்டுக்கணக்கில் திறவாமற் காத்து வருகின்றனர்!

2008-இல் அந்நிறுவனம் இப்பிலிம் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தபொழுது, அன்பர்கள் கிடைத்ததையெல்லாம் வாங்கிப் பதுக்கினர். நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் வேறொரு குழுவினர் மீண்டும் பிலிம் செய்து, 2010 முதல் விற்கலாயினர். ஆயினும் பழைய பெட்டிகளைப் போற்றி வைக்கும் வழக்கம் ஒழியவில்லை.

காப்பதால் ஆவது யாது? ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் இரசாயனக் குழம்பு அடங்கிய சிறு பை உண்டு. படம் வெளிவரும்பொழுது உருளைகள் அப்பையை நசுக்கிக் குழம்பைப் பரப்புகின்றன. நாட்பட நாட்பட அக்குழம்பு வறள்கிறது, சரியாகப் பரவுவதில்லை, நிறங்கள் மங்கி மஞ்சளிக்கின்றன. சிலவகைப் பெட்டிகளுக்குள் இருக்கும் மின்கலமும் வலுவிழக்கிறது. ஆதலின், செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பயன்படுத்துக, 4 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க, ஆனால் உறையவிடற்க என்று போலராய்டார் கூறுகின்றனர். நண்பகலில் 30 டிகிரியைத் தாண்டும் மலேசிய, சிங்கப்பூர் வெப்பத்தில் அலமாரியில் வைத்த பிலிமின் கதியைச் சொல்லவேண்டுவதில்லை. குளிர்பெட்டியோ கேட்டைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது.

அங்ஙனமாயின், நாள் கடந்த பிலிமைப் பயன்படுத்துதல் தவறா? அன்று. காலாவதி நாள் மரண தண்டனையன்று. அதுவரை பொருள் பழுதின்றி இருக்கும் எனச் செய்தவன் தரும் பிணையாகும். அதன்பின் பிணை நிற்பவன் பயன்படுத்துவோனே. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: படம் கெட்டால் இழப்பு யாருடையது?

தன் வீட்டுப் பூச்செடியை எடுப்பவன் தாராளமாக எடுக்கட்டும். எதிர்பாரா நிறம் வந்தால் அதனையும் சுவைக்கட்டும். பிறர் திருமணத்தைக் கூலி பெற்று எடுப்பவன் நிலை வேறு. இவ்வகைப் படத்தில், மறுபடி அச்சிடுவதற்கு நெகட்டிவ் கிடையாது. தாள் கெட்டால் அந்நொடியும் போயிற்று. பிலிம் பழையது என்று முன்னரே உரைத்து இசைவு பெற்றால் குற்றமில்லை. உரையாது எடுப்பது வஞ்சகம். நாளை மறைத்து விற்கும் வணிகன் செய்வதும் அதுவே. மலிவாகக் கொடுத்தேன் என்னும் சமாதானம் அவனைக் காவாது. விலையைக் குறைக்கலாம், உண்மையைக் குறைக்கலாகாது.

இனி, தனக்கே உரிய பிலிமைத் தக்க நாளுக்கென வைத்திருப்போனை நோக்குவோம். பொங்கல் வருகிறது, பிள்ளையின் பிறந்த நாள் வருகிறது, தோட்டத்திலிருந்து பட்டணம் சென்ற தம்பி வீடு திரும்புகிறான். ஒவ்வொரு நாளும், இதனினும் சிறந்த நாள் வரும் என்று அவன் பெட்டியைத் திறவாது விடுகிறான். அவன் செய்வது சிக்கனம்போல் தோன்றும். உண்மையில் கையிலுள்ள நாட்களெல்லாம் தகுதியற்றவை என்று தள்ளிவிடுகிறான். முடிவில் சிறந்த நாள் வரும்பொழுது பிலிம் கெட்டிருக்கும். அல்லது எடுக்கவேண்டிய முகம் இராது.

பிலிமை வைக்கக் குளிர்பெட்டி உண்டு. பெற்ற தாயின் முகத்தை வைக்கக் குளிர்பெட்டி எங்குமில்லை. ஆகவே, உள்ள பிலிமை நாள் கடவாமற் பயன்படுத்துக. கடந்துவிடின், இழக்கத் துணிந்ததற்கு மட்டும் அதனைச் செலவிடுக. பிறரிடம் மறையாது உரைக்க. பொருளைக் காப்பது நன்று. எதற்காகக் காக்கிறோமோ அதனை இழவாமற் காப்பது அதனினும் நன்று.