உயரத்துக்கு முன் செய்ய வேண்டியவை

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ ஆப்பிரிக்காவின் மிக உயரமான மலை. 5,895 மீட்டர் உயரத்திலுள்ள அதன் உஹுரு சிகரத்தை வழக்கமான பாதைகளில் கயிறும் பனிக்கோடரியும் இல்லாமல் நடந்தே அடையலாம். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. கூடாரம், உணவு, பெரும்பகுதி சுமை எல்லாவற்றையும் சுமைதூக்குவோர் கொண்டுபோகிறார்கள். ஏறுபவர் தாமே ஆயத்தப்படுத்த வேண்டியவை உடலும் மனமும் மட்டுமே.

உடற்பயிற்சியைச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நெடுநேரம் நடப்பதுதான் அடிப்படை. அதோடு முதுகுப்பையுடன் படியேற்றமும், களைத்த காலோடு மறுநாளும் நடக்கும் பழக்கமும் வேண்டும். இறக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மச்சாமே பாதையில் ஏறுபவர்கள் சிகரத்திலிருந்து ஏறத்தாழ 3,100 மீட்டரிலுள்ள முவேக்கா முகாமுக்குப் பெரும்பாலும் அன்றே இறங்குகிறார்கள். அப்போது தொடைத் தசைகளும் முழங்கால்களும்தான் அதிகம் வாடும். ஆகவே படியிறங்கியும் பழக வேண்டும். காலணியைப் பயிற்சியிலேயே போட்டு நடந்து காலுக்குப் பழக்கிவிட்டால் மலையில் கொப்புளம் வரும் வாய்ப்பு குறையும்.

இவ்வளவு செய்தாலும் சமவெளியில் பெற முடியாத ஒன்று உண்டு. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவே. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு பாதியாகிறது. மூச்சு வேகமெடுப்பது, இதயம் கூடுதலாகத் துடிப்பது, சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்வது என்று உடல் இதற்குத் தன்னை மாற்றிக்கொள்ளச் சில நாட்களாகும். நல்ல உடற்கட்டு இந்த நாட்களைக் குறைத்துத் தராது. வலுவுள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கே உயர நோய் முந்தி வருவதும் உண்டு.

3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட வேண்டும் என்பது மருத்துவர்களின் பொது அறிவுரை. கிளிமஞ்சாரோவின் குறுகிய பயணத் திட்டங்கள் இந்த வரம்பைத் தாண்டுகின்றன. மச்சாமே பாதையில் பகலில் சுமார் 4,600 மீட்டரிலுள்ள லாவா டவர் வரை ஏறி, இரவில் 4,000 மீட்டருக்குக் கீழே பரான்கோ முகாமில் உறங்குவது உடலைப் பழக்குவதற்காகவே. அதன் பிறகு கரங்கா முகாமில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கும் திட்டத்துக்கு ஆகும் செலவு வீண் அல்ல. உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு போன்ற மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். மதுவையும் தூக்க மாத்திரையையும் தவிர்க்க வேண்டும்.

மனத்துக்கான ஆயத்தம் இரண்டு வகை. முதலாவது பொறுமை. சுமார் 4,670 மீட்டரிலுள்ள பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவையொட்டிக் கிளம்பி, உறைகுளிரில் விடியும்வரை ஏற வேண்டும். சரியான தூக்கம் இருக்காது, சாப்பாடும் இறங்காது. உச்சியை எண்ணாமல் அடுத்த ஓய்விடம்வரை மட்டும் எண்ணி நடக்கும் பழக்கத்தை ஊரிலேயே நீண்ட நடைகளில் வளர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது உண்மை பேசுதல், இதுவே கடினம். தலைவலி, குமட்டல், அளவுமீறிய சோர்வு ஆகியவை உயர நோயின் தொடக்கம். நடை தள்ளாடுவதும் பேச்சு குழறுவதும் மூளை வீக்கத்தின் அடையாளம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இவ்விரண்டிலும் உயிர் காக்கும் முதல் வழி உடனே கீழே இறங்குவதுதான். ஆனால் செலவழித்த பணமும், ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்த சொல்லும், கூட வருபவர்களைத் தாமதப்படுத்தும் கூச்சமும் சேர்ந்து வலியை மறைக்கச் சொல்கின்றன. ஆக்சிஜன் குறையும்போது முடிவெடுக்கும் திறனும் குறைவதால், மேலே போய் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்க முடியாது.

ஆகவே, தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்வது, வழிகாட்டி இறங்கச் சொன்னால் வாதிடாமல் இறங்குவது என்று கிளம்புமுன்பே தீர்மானித்து, வீட்டாரிடமும் உடன் வருவோரிடமும் சொல்லிவிட வேண்டும். உச்சியைத் தொடாமல் திரும்பினாலும் நண்பர்களிடம் தலைநிமிர்ந்து சொல்ல முடியும் என்ற தெளிவு வந்த பிறகு முன்பணம் கட்டுவதே முறை.